பேரேட்டில் ஏறாத உழைப்பு - போர்வீரர்களின் பண்ணைகளும் அவர்கள் குடும்பங்களும்

போர் முடிந்து ஊர் திரும்பும் லட்சக்கணக்கான வீரர்களை என்ன செய்வது? பெரிய போர் நடத்திய அரசுகளுக்கு எல்லாம் இந்தத் தலைவலி வந்திருக்கிறது. ரோமானியர்கள் ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துப் புது ஊர்களில் குடியேற்றினார்கள். பிரிட்டிஷ் அரசு பஞ்சாபில் கால்வாய் வெட்டியபோது அந்தப் பாசன நிலத்தில் ஒரு பகுதியை முன்னாள் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. துப்பாக்கி பிடித்த கை இனிமேல் ஏர் பிடிக்கட்டும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

ஆனால் இந்தக் கதைகளை எல்லாம் படிக்கும்போது ஒன்று தெரியும். வீரன் வருகிறான், நிலம் வருகிறது, அரசு கொடுத்த கடன் வருகிறது. அவனோடு அந்தக் காட்டுக்குப் போன மனைவியும் பிள்ளைகளும் எங்கே? அவர்கள் பெயர் பட்டாவிலும் இல்லை, கடன் பத்திரத்திலும் இல்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் நடந்த போர்வீரர் குடியேற்றத் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். அந்தத் திட்டம் ஏன் தோற்றது என்று எழுதியவர்கள் நிறையப் பேர். தோற்ற பண்ணைகளைக்கூட அத்தனை வருஷம் தாங்கிப் பிடித்தது யார் என்ற கேள்வி ரொம்ப காலம் கழித்துத்தான் வந்தது.

கொடுத்த வாக்கு

1914-ல் ஆஸ்திரேலியாவின் மக்கள் தொகை சுமார் 50 லட்சம்தான். அதிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ராணுவத்தில் சேர்ந்தார்கள். 3 லட்சத்து 30 ஆயிரம் பேர் வரை கப்பலேறி வெளிநாட்டுப் போர்முனைகளுக்குப் போனார்கள். 60,000 பேருக்கு மேல் திரும்பவே இல்லை. திரும்பியவர்களிலும் கை கால் இழந்தவர்கள், விஷவாயுவால் நுரையீரல் கெட்டவர்கள், குண்டுச் சத்தத்தில் மனம் உடைந்தவர்கள் ஏராளம்.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே இவர்களுக்கு நிலம் தருவதென்று முடிவாகிவிட்டது. 1915-ல் தெற்கு ஆஸ்திரேலியா முதல் சட்டம் போட்டது. பிறகு மற்ற மாநிலங்களும் சட்டம் கொண்டுவந்தன. மாநில அரசு நிலம் தரும், மத்திய அரசு பணம் தரும் என்று ஏற்பாடு. காரணங்களும் பல. வீரர்களுக்கு நன்றிக்கடன் என்பது ஒன்று. வேலையில்லாமல் நகரத் தெருக்களில் திரியும் முன்னாள் வீரர்களைப் பார்த்து அரசுக்கு இருந்த பயம் இன்னொன்று. ஆள் இல்லாமல் கிடந்த உள்நாட்டை நிரப்ப வேண்டும் என்ற பழைய ஆசை மூன்றாவது.

நாடு முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் இந்தத் திட்டத்தில் நிலம் எடுத்தார்கள். விக்டோரியா மாநிலத்தில் மட்டும் சுமார் 11,000 பேர்.

625 பவுண்டும் ஒரு துண்டுக் காடும்

நிலம் இலவசம் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பெரும்பாலும் தவணையில் கட்ட வேண்டிய கடன்தான். வேலி, கலப்பை, குதிரை, மாடு, வீடு எல்லாவற்றுக்கும் சேர்த்து அரசு முதலில் 500 பவுண்டு வரை முன்பணம் தந்தது, பிறகு அதை 625 பவுண்டாக உயர்த்தியது. அதற்கும் வட்டி உண்டு. போர்க்காலத்திலும் அதை ஒட்டியும் நிலத்தின் விலையும் கால்நடை விலையும் உச்சத்தில் இருந்தன. அந்த உச்ச விலையில் வாங்கிய சொத்தை, பின்னால் விலை சரிந்த விளைச்சலை விற்றுத்தான் அடைக்க வேண்டியிருந்தது. வணிகவியல் பாடம் படித்த யாருக்கும் இது எங்கே போய் முடியும் என்று புரியும்.

விக்டோரியாவின் வடமேற்கில் மல்லி என்றொரு பிரதேசம். மழை குறைவு, மணல் நிலம், வேரோடு பிடுங்கவே முடியாத குட்டை யூகலிப்டஸ் மரங்கள். உழுது முடித்தால் காற்று மேல் மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். இன்னொரு பக்கம் கிப்ஸ்லாந்து. அங்கே மழைக்குக் குறைவில்லை, ஆனால் மலைச்சரிவில் பெருமரக் காடு. மில்டுராவுக்குப் பக்கத்தில் ரெட் கிளிஃப்ஸ் என்ற இடத்தில் திராட்சைத் தோட்டங்களுக்காகப் பெரிய பாசனக் குடியேற்றம் ஒன்றை அரசு அமைத்தது. அங்கே புதர்க்காட்டை அழிக்க 'பிக் லிஸி' என்று பெயர் வைத்த ராட்சத இழுவை எந்திரம் 1920 முதல் சில வருஷம் உழைத்தது. அந்த எந்திரம் இன்றும் அந்த ஊரில் காட்சிக்கு நிற்கிறது. எந்திரத்துக்கு நினைவுச் சின்னம் கிடைத்துவிட்டது, சரி. அது பிடுங்கிப் போட்ட வேர்களைப் பொறுக்கிய கைகளுக்கு?

வீட்டில் இருந்தவர்கள் செய்த வேலை

இந்தப் பண்ணைகளில் பெண்களும் பிள்ளைகளும் செய்த வேலைகளைப் பட்டியல் போட்டாலே மூச்சு வாங்கும்.

பால் பண்ணைகளில் மாடுகளைத் தினமும் இரண்டு வேளை கையால் கறக்க வேண்டும். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. ஆள் வைக்கக் கூலி இல்லாததால் மனைவியும் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளும் விடியும் முன்னே தொழுவத்தில் நின்றார்கள். பிள்ளைகள் கறந்து முடித்துவிட்டு மைல் கணக்கில் நடந்து பள்ளிக்கூடம் போவார்கள். சாயங்காலம் திரும்பி வந்து மறுபடியும் கறவை.

மல்லியில் நிலத்தைத் திருத்தும் வேலை முடிவதே இல்லை. உழும்போது மேலே வரும் மல்லி வேர்களைக் குடும்பமாகப் பொறுக்கிக் குவிப்பார்கள். அந்த வேர் நன்றாக நின்று எரியும் என்பதால் நகரத்தில் விறகுக்கு விலை போனது. பயிர் பொய்த்த வருஷங்களில் அந்த விறகுக் காசுதான் பல வீடுகளில் அடுப்பு எரிய வைத்தது. பையன்கள் கண்ணி வைத்து முயல் பிடித்துத் தோலை விற்றார்கள். முயல் பயிரைத் தின்னும் எதிரி, அதுவே குடும்பத்துக்குக் கறியும் காசும்!

வீடு என்று சொல்லப்பட்டது பல இடங்களில் தகரக் கூரையும் சாக்குத் துணிச் சுவரும்தான். தண்ணீரை மண்ணெண்ணெய் டின்னில் தூக்கிக்கொண்டு வர வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில், மரச்சட்டத்தைச் சுற்றி ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காற்று பட்டுக் குளிர்கிற அலமாரியில் பாலும் வெண்ணெயும் வைத்தார்கள். கோணிப்பைகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்ததுதான் போர்வை. அதற்கு 'வாகா' என்று ஒரு பெயரும் உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம் முட்டைக் காசு. கோதுமையிலும் பாலாடையிலும் வரும் பணத்தில் அரசு வாரியத்துக்குத்தான் முதல் உரிமை. கடன் தவணை போக மீதி இருந்தால்தான் குடும்பத்துக்கு. ஆகவே பெண்கள் கோழி வளர்த்து விற்ற முட்டையும், கடைந்து விற்ற வெண்ணெயும்தான் மாவும் சர்க்கரையும் தேயிலையும் வாங்கிக் கொடுத்தன. பண்ணையின் 'உண்மையான' வருமானம் கடனுக்குப் போனது. வயிறு நிறைந்தது சில்லறைக் காசில்.

இப்படித் தனித்தனியாகத் தவித்த பெண்கள் ஒன்று சேர்ந்ததும் இதே காலத்தில்தான். 1922-ல் நியூ சவுத் வேல்ஸில் கிராமப் பெண்கள் சங்கம் தொடங்கியது. முதல் தலைவர் கிரேஸ் மன்ரோ. விக்டோரியாவில் 1928-ல் வந்தது. போர்வீரர் குடும்பங்களுக்கு மட்டும் என்று தொடங்கிய சங்கம் இல்லை அது. ஆனால் மருத்துவர் பல மைல் தள்ளி இருந்த ஊர்களில் குழந்தை நல மையங்களுக்காகவும், சந்தைக்கு வரும் தாய்மார்கள் பிள்ளையோடு சற்று உட்கார ஓய்வறைகளுக்காகவும் அது பாடுபட்டபோது, அந்தக் குடும்பங்களுக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது.

போரும் கூடவே வந்தது

கப்பலில் இருந்து இறங்கிய வீரன் போரை அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. விஷவாயு தாக்கிய நுரையீரலோடு மல்லியின் புழுதியில் உழுவது எப்படி இருந்திருக்கும்? பல வீடுகளில் கணவன் ஆஸ்பத்திரிக்கும் பண்ணைக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தான். அந்த வாரங்களில் பண்ணை நின்றுவிடவில்லை. மனைவி நடத்தினாள். அரசு வாரியத்துக்குக் கடிதம் எழுதித் தவணைக்கு அவகாசம் கேட்டவர்களில் மனைவிமார்களும் உண்டு. அந்தக் கடிதங்கள் இன்று ஆவணக் காப்பகக் கோப்புகளில் இருக்கின்றன.

இந்தக் குடும்பங்களைப் பாராட்டும்போது ஒரு கசப்பையும் மறைக்கக் கூடாது. குடித்துவிட்டு வந்து அடித்த கணவன்மார்களும் இருந்தார்கள். இரவில் கத்திக்கொண்டு எழுந்தவர்களும் இருந்தார்கள். மனநோய்க்கு அன்று சரியான சிகிச்சை இல்லை. அந்த இடத்தை நிரப்பியது வீட்டில் இருந்த பெண்தான். அதற்கு அவள் கொடுத்த விலையும் பெரியது. புரூஸ் ஸ்கேட்ஸ், மெலனி ஓப்பன்ஹைமர் இருவரும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட 'தி லாஸ்ட் பேட்டில்' என்ற நூல் நியூ சவுத் வேல்ஸ் கோப்புகளில் இருந்து இந்தக் கதைகளை வெளியே கொண்டுவந்தது. அதற்கு முன்பே 1987-ல் மர்லின் லேக் எழுதிய 'தி லிமிட்ஸ் ஆஃப் ஹோப்' விக்டோரியாவின் கதையைச் சொன்னது. போர்வீரர் குடியேற்றம் என்பது பெண்களின், பிள்ளைகளின் கூலியில்லா உழைப்பின் மேல் நின்றது என்பதை அந்த நூல் அழுத்தமாகக் காட்டியது.

நீதிபதி பைக்கின் கணக்கு

1920-களின் நடுவிலேயே திட்டம் ஆட்டம் காணத் தொடங்கியது. 1925-ல் விக்டோரியா ஒரு விசாரணைக் குழு போட்டது. பிறகு மத்திய அரசு நீதிபதி பைக்கிடம் மொத்த நஷ்டத்தைக் கணக்கிடச் சொன்னது. 1929-ல் அவர் அறிக்கை தந்தார். நஷ்டம் சுமார் 2 கோடியே 35 லட்சம் பவுண்டு! அன்றைய மதிப்பில் பயங்கரமான தொகை அது.

முக்கியமாக அவர் சொன்ன காரணங்கள் நான்கு. குடியேறியவர்களிடம் முதல் இல்லை. நிலத்தின் அளவு போதவில்லை. விவசாயத்துக்குப் பொருந்தாத ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். விளைபொருள் விலை விழுந்தது. நான்கும் சரியான காரணங்கள்தான்.

ஆனால் வணிகவியல் கண்ணோடு பார்த்தால் இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அரசின் வாராக்கடன் கணக்கில் ஏறியது. நிலத்தின் மதிப்பிழப்பு ஏறியது. பத்து வருஷம் சம்பளம் இல்லாமல் உழைத்த லட்சக்கணக்கான மணி நேரம்? அது யாருடைய நஷ்டம்? ஒரு பண்ணைக்கு இரண்டு கூலியாட்கள் வைத்திருந்தால் அந்தக் கூலி செலவுப் பக்கத்தில் வந்திருக்கும், பண்ணை முதல் வருஷமே நஷ்டம் காட்டியிருக்கும். மனைவியும் பிள்ளைகளும் செய்ததால் செலவு பூஜ்யம். அதனால்தான் நடத்தவே முடியாத பண்ணைகள்கூட ஏதோ நடக்கிற மாதிரித் தெரிந்தன.

நிலத்தின் அளவை முடிவு செய்யும் விதியே இதற்குச் சாட்சி. சராசரிக் குடும்பம் ஒன்று சாதாரண வருஷங்களில் பிழைக்கப் போதுமான நிலம் என்பதுதான் அளவுகோல். அந்த விதியில் குடும்பம் என்ற சொல் இருக்கிறது. ஆனால் சாப்பிடும் வாயாகத்தான் இருக்கிறது. உழைக்கும் கையாக அது எங்கும் எழுதப்படவில்லை.

இந்தப் பழக்கம் போர்வீரர் திட்டத்தில் தொடங்கியதும் இல்லை. 1890-ல் ஹோபார்ட் நகரில் ஆஸ்திரேலியக் காலனிகளின் புள்ளியியல் அதிகாரிகள் கூடி மக்கள் தொகைக் கணக்கெடுப்பு பற்றிப் பேசினார்கள். பண்ணையில் உழைக்கும் மனைவி, மகள்களை விவசாயத் தொழிலாளர் பட்டியலில் சேர்க்க வேண்டாம், வீட்டு வேலை செய்பவர்களாகவே காட்டலாம் என்று அங்கே வழி செய்யப்பட்டது. அதற்கு விக்டோரியா தரப்பில் சொன்ன காரணம்தான் விசித்திரம். பெண்கள் வயலில் இறங்கி வேலை செய்கிறார்கள் என்று வெளியே தெரிந்தால் நாட்டைப் பற்றித் தவறான எண்ணம் வந்துவிடுமாம்! பெண்கள் வயலில் இல்லாததால் கணக்கில் வராமல் போகவில்லை. இருப்பது வெளியே தெரியக்கூடாது என்பதால் விடப்பட்டார்கள்.

பைக் அறிக்கை வந்த அதே 1929-ல் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் வந்தது. 1930-ல் பிரதமர் ஸ்கல்லின் அதிகக் கோதுமை விளைவியுங்கள் என்று நாட்டைக் கேட்டுக்கொண்டார். புஷலுக்கு 4 ஷில்லிங் உத்தரவாத விலை என்ற பேச்சும் இருந்தது. விவசாயிகள் விதைத்தார்கள். செனட்டில் மசோதா தோற்றது, உத்தரவாத விலை வரவில்லை. சந்தை விலை ஏறக்குறைய பாதிக்கு விழுந்தது. அதன் பிறகு பல குடும்பங்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு நிலத்தை விட்டுப் போயின. தங்கியவர்களின் கடனில் ஒரு பகுதியை அரசுகள் பிறகு தள்ளுபடி செய்தன.

நிலமே கிடைக்காத ஒரு குடும்பம்

ராணுவக் குடும்பம் என்று சொன்னால் ஆஸ்திரேலியாவில் லோவெட் குடும்பத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. இவர்கள் விக்டோரியாவின் குண்டிச்மாரா என்னும் பழங்குடி மக்கள். இந்தக் குடும்பத்தின் சகோதரர்கள் ஐந்து பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள். ஐந்து பேரும் உயிரோடு திரும்பினார்கள். அவர்களில் சிலர் இரண்டாம் உலகப் போரிலும் மறுபடி சேர்ந்தார்கள்.

அவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் லோவெட் போர்வீரர் திட்டத்தில் நிலம் கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அவர் கேட்டது எங்கோ தூரத்து நிலம் இல்லை, அவருடைய மக்கள் காலம் காலமாக வாழ்ந்த லேக் கொண்டா பகுதி. அங்கிருந்த பழங்குடிக் காப்பு நிலம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிக்கப்பட்டு வெள்ளை இன முன்னாள் வீரர்களுக்குப் போனது. பழங்குடி வீரர்களில் இந்தத் திட்டத்தில் நிலம் பெற்றவர்கள் வெகு சிலரே. 2000-ஆம் ஆண்டில் கான்பெராவில் முன்னாள் வீரர் நலத்துறை இருந்த கட்டடத்துக்கு 'லோவெட் டவர்' என்று பெயர் வைத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கேட்டது கட்டடத்தில் பெயரா, காலடியில் நிலமா?

இரண்டாவது முறை

1945-ல் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அதே கேள்வி மறுபடியும் வந்தது. இந்த முறை பழைய பாடம் கொஞ்சம் உதவியது. பொருளாதார ரீதியில் நடக்கக்கூடிய இடத்தில் மட்டும் குடியேற்றம், தகுதி பார்த்து ஆள் எடுப்பது, போதுமான அளவு நிலம் என்று விதிகள் வந்தன. முதல் கட்டத்தில் குடும்பம் சாப்பிட வாழ்க்கைப்படி கொடுத்தார்கள். அந்தப் படிதான் முக்கியமான மாற்றம். விளைச்சல் வரும்வரை குடும்பமும் சாப்பிட வேண்டும் என்பதை அரசு முதல் தடவையாக ஒழுங்காக ஒத்துக்கொண்டது.

கங்காரு தீவில் அரசே எந்திரம் வைத்துக் காட்டைத் திருத்தியது. அந்த மண்ணில் செம்பும் கோபால்ட்டும் குறைவு, அதனால்தான் ஆடுகள் நோயில் செத்தன என்பதை 1930-களில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தச் சத்துக்களைச் சேர்த்து மேய்ச்சல் நிலம் உருவாக்கினார்கள். பண்ணை தயாராகும் வரை குடும்பங்கள் பார்ன்டானா முகாமில் பழைய ராணுவக் குடிசைகளில் காத்திருந்தன. வீரனுக்கு ராணுவக் குடிசை பழக்கம்தான். கைக்குழந்தையோடு வந்த மனைவிக்கு? அங்கேயே ஒரு ஊரை உருவாக்கியது அவர்கள்தான். இந்தத் திட்டத்திலும் பின்னாளில் கடன் பிரச்சினைகள் வராமல் இல்லை. ஆனாலும் முதல் திட்டத்தோடு ஒப்பிட்டால் நிலைத்து நின்றவர்கள் அதிகம்.

பாராட்டு என்றால் என்ன?

முன்னாள் வீரர்களை விவசாயத்துக்குக் கொண்டுவரும் திட்டங்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கின்றன. பயிற்சி, கடன், நிலம், சந்தை பற்றி எல்லாம் பேசுகிறார்கள். விழாவில் வீரரின் மனைவிக்குச் சால்வை போர்த்துவதும் உண்டு. அது தவறில்லை. ஆனால் ஆஸ்திரேலியக் கதை கற்றுத் தருவது வேறு.

நன்றி சொல்வதற்கு முன்பு கணக்கு எழுத வேண்டும். ஒரு பண்ணைத் திட்டம் போடும்போது அதில் எத்தனை பேர் உழைக்கப் போகிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்குக் கூலி இல்லை, வீரர் நோயில் படுத்தால் யார் நடத்துவார்கள், நிலம் யார் பெயரில் இருக்கும் என்ற கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத திட்டம், குடும்பத்தின் முதுகில் ரகசியமாக ஏற்றிய கடன்தான்.

2017 முதல் 2020 வரை விக்டோரியா அருங்காட்சியகம் முன்னின்று, கணக்கில் வராத பெண் விவசாயிகளின் கதைகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தது. அந்தப் பணிக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் 'கண்ணுக்குத் தெரியாத விவசாயி'. 1890-ல் ஹோபார்ட்டில் அழிக்கப்பட்ட ஒரு வரியைத் திரும்ப எழுத நூறு வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. நீதிபதி பைக்கின் 2 கோடியே 35 லட்சம் பவுண்டு எப்போதோ தள்ளுபடி ஆகி முடிந்துவிட்டது. மல்லியில் வேர் பொறுக்கிய பிள்ளைகளுக்கும், முட்டை விற்று மாவு வாங்கிய தாய்மார்களுக்கும் தரவேண்டிய பாக்கி மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் அப்படியே நிற்கிறது.